எல்லாக் குத்தும் தெரிந்தவன்தான் ஜெயிப்பானா? ஒரு குத்துச்சண்டை அலசல் தொடரைப் பார்த்து முடித்த பிறகு

சந்தா கட்டிப் பார்க்கிற குத்துச்சண்டை அலசல் தொடர்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. பழைய சண்டைகளின் துண்டுகளை ஓடவிட்டு, நடுநடுவே நிறுத்தி, திரையில் கோடும் வட்டமும் போட்டு, "அவன் இடது கால் எங்கே இருக்கிறது பாருங்கள்" என்று ஒரு முன்னாள் பயிற்சியாளர் சொல்லிக்கொண்டே போவார். அந்த வகையில் ஒன்றைக் கடைசிப் பகுதி வரை பார்த்து முடித்தேன். திட்டவும் கொஞ்சம் இருப்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். தொடர் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: தொழில்முறைக் குத்துச்சண்டையில் பல வித்தை தெரிந்தவன் பெரியவனா, ஒரே வித்தையை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவன் பெரியவனா? முதல் பகுதியிலேயே பல வித்தைக்காரன்தான் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் வருவதெல்லாம் அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி தேடுகிற வேலை.

என் தீர்ப்பையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். காட்சிகளுக்காகக் கண்டிப்பாகப் பார்க்கலாம், இவ்வளவு பொறுமையாகக் கால்களைக் காட்டுகிற தொடர் வேறு நான் பார்க்கவில்லை. அவர்கள் சொல்லும் முடிவை மட்டும் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டாம்.

முதலில் நல்லது. ஹெவிவெயிட் (அதிக எடைப்பிரிவு) வீரர்கள் டியான்டே வைல்டர், டைசன் ஃப்யூரி மோதிய மூன்று சண்டைகளுக்கு மூன்று பகுதிகள் ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் இரண்டாவது அபாரம். 2018 டிசம்பரில் நடந்த முதல் சண்டையில் ஃப்யூரி பின்வாங்கிக்கொண்டே, தோளை ஆட்டி ஏமாற்றிக்கொண்டே சுற்றுகளைச் சேர்த்தார். ஆனாலும் 9ஆம் சுற்றிலும் 12ஆம் சுற்றிலும் தரையில் விழுந்தார், ஆட்டம் டிரா. 2020 பிப்ரவரியில் அதே ஃப்யூரி முதல் மணியிலிருந்தே முன்னேறி வந்தார். ஏன் என்பதைத் தொடர் விளக்குகிற விதம்தான் அழகு. வைல்டரின் வலது குதிகாலைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போடுகிறார்கள். அந்த வலக்கை கிளம்ப வேண்டுமென்றால் எதிரில் ஒரு கை நீளம் இடம் வேண்டும், பின்கால் தரையில் ஊன்றியிருக்கவும் வேண்டும். பின்னால் தள்ளப்படுகிறவனுக்கு இரண்டுமே கிடைக்காது. வட்டத்துக்குள் அந்தக் குதிகால் தூக்கியே இருக்கிறது, ஊன்றப் பார்க்கும்போதெல்லாம் ஃப்யூரியின் உடம்பு மேலே வந்து சாய்கிறது. 7ஆம் சுற்றில் வைல்டரின் கார்னர், அதாவது ரிங் ஓரத்தில் நிற்கும் அவருடைய பயிற்சிக் குழு, தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை வீசியது. நேரலையில் பார்த்தபோது "ஆள் பெரிய ஆள், அமுக்கிவிட்டான்" என்றுதான் நிறையப் பேருக்குத் தோன்றியிருக்கும். அந்த ஒரு குதிகாலை மட்டும் தொடர்ந்து பார்த்தால் சண்டையே வேறு மாதிரி தெரிகிறது. மெதுவேகத்தில் ஓடும் இந்தப் பகுதிக்காகவே சந்தா கட்டலாம்.

சரி, இதிலிருந்து அவர்கள் எடுக்கிற முடிவு என்ன? வைல்டர் ஒற்றைக் குத்துக்காரர், ஃப்யூரி எல்லாம் தெரிந்தவர், ஆகவே ஃப்யூரி வென்றார். இங்கேதான் எனக்கு இடிக்கிறது. 2021 அக்டோபரில் நடந்த மூன்றாவது சண்டையிலும் 4ஆம் சுற்றில் ஃப்யூரி இரண்டு முறை விழுந்தார், 11ஆம் சுற்றில்தான் வைல்டரை வீழ்த்தினார். மூன்று சண்டைகளையும் சேர்த்தால் ஃப்யூரி தரையைத் தொட்டது நான்கு முறை. விளாதிமிர் க்ளிட்ச்கோ போன்ற பழுத்த சாம்பியனால் 2015இல் 12 சுற்றுகளில் ஒரு தடவைகூட அவரைக் கீழே தள்ள முடியவில்லை. லூயிஸ் ஓர்டிஸ் கதையும் இப்படித்தான். 2019 நவம்பரில் நடந்த இரண்டாவது சண்டையில் மூன்று நடுவர்களின் அட்டையிலும் ஓர்டிஸ்தான் முன்னால் இருந்தார். ஓர்டிஸ் நல்ல இடக்கையர், கணக்குப் போட்டு ஆடுகிறவர், எதிராளி குத்தும்போதே திருப்பிக் குத்துகிற கவுண்டர் தெரிந்தவர். 7ஆம் சுற்றில் ஒரே ஒரு வலக்கை வந்தது, ஆட்டம் முடிந்தது. ஆறு சுற்று தோற்றுக்கொண்டே வந்து ஒரு விநாடியில் வெல்ல முடிகிறவனைக் குறையுள்ளவன் என்று மட்டும் சொல்லி மூடிவிட முடியுமா? மற்றவர்கள் 12 சுற்றும் ஒரு தப்பில்லாமல் ஆட வேண்டியிருக்கிறது, இவனுக்கு ஒரு தடவை சரியாக அமைந்தால் போதும். ஃப்யூரியோடு இரண்டாவது தடவை மோதும்போது வைல்டரின் கணக்கு 42 வெற்றி, ஒரு டிரா. அந்த 42இல் 41 நாக்அவுட்.

அடுத்து அந்த வரைபடம். ஒவ்வொரு வீரருக்கும் சிலந்தி வலை மாதிரி ஒரு படம் போட்டு ஜாப் (முன்கையால் போடும் நேர்க்குத்து), கால்வேலை, தற்காப்பு, உடம்பில் குத்துதல், நெருங்கி ஆடுதல், நிலை மாற்றி ஆடுதல் (எந்தக் கையும் காலும் முன்னால் நிற்பது என்பதை மாற்றுவது) என்று மதிப்பெண் போடுகிறார்கள். வலை பெரிதாக இருந்தால் பல வித்தை, ஒரு பக்கம் மட்டும் கூராக நீண்டிருந்தால் ஒற்றை வித்தை. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்று எங்கேயும் சொல்லவில்லை. முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ ஃப்ரேசியருக்குப் போட்ட வலையைப் பார்த்ததும் திரையை மூடிவிடலாமா என்றிருந்தது. இடது ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) மட்டும் வானத்தைத் தொடுகிறது, மீதி எல்லாம் சுருங்கிக் கிடக்கிறது.

ஃப்ரேசியரிடம் பெரிய ஆயுதம் இடது ஹூக்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஹூக் எப்படி வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டாமா? குனிந்து நெளிந்து ஜாபுக்கு அடியில் புகுந்து வரும். முதலில் விலாவில் விழுந்து, கை கீழே இறங்கியதும் தாடைக்கு ஏறும். எதிராளி கயிற்றுக்குப் போகும்போது வரும், கயிற்றிலிருந்து வெளியே வரும்போதும் வரும். 1971 மார்ச் 8 அன்று 15ஆம் சுற்றில் முகமது அலியை மல்லாக்கத் தள்ளியது அதுதான், முந்தைய 14 சுற்றுகளாக அது வரும் என்று தெரிந்தே ஆடிக்கொண்டிருந்தவர் அலி. ஒரு வீட்டுக்குள் போக ஒரே வாசல் தெரிந்தவனும், வாசல், கொல்லை, மொட்டை மாடி என்று எல்லா வழியும் தெரிந்தவனும் கடைசியில் போய் நிற்பது ஒரே கூடத்தில்தான், அதற்காக இருவரையும் ஒன்றாக எண்ணலாமா? வைல்டரின் வலக்கைக்கு வழி ஒன்றிரண்டுதான், ஃப்ரேசியரின் இடக்கைக்கு எத்தனையோ. எத்தனை குத்து தெரியும் என்று எண்ணுவதை விட, இருக்கிற குத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க எத்தனை வழி தெரியும் என்று எண்ணினால் வலையின் வடிவமே மாறிவிடும். தொடரின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன். நெளிந்து போகும் ஃப்ரேசியரின் தலையையும் இவர்களே வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள், அது ஏன் என்றுதான் கேட்கவில்லை.

இவர்கள் தொடவே தொடாத ஆள் ஒருவர் இருக்கிறார், தொட்டிருந்தால் தொடரின் வாதமே ஆட்டம் கண்டிருக்கும். விளாதிமிர் க்ளிட்ச்கோ. 2003இல் கோரி சாண்டர்ஸ் அவரை இரண்டாம் சுற்றில் முடித்தார், 2004இல் லேமன் ப்ரூஸ்டர் 5ஆம் சுற்றில். அப்போது அவர் நிறையக் குத்துகிற, வேகமாக வருகிற, பார்க்கச் சுவாரசியமான வீரர். அதற்குப் பிறகு பயிற்சியாளர் எமானுவேல் ஸ்டூவர்ட் அவரை மறுபடி கட்டினார், கட்டினார் என்பதை விட உரித்தார் என்று சொல்லலாம். நீளமான ஜாப், அதன் பின்னால் வலக்கை, எதிராளி கிட்டே வந்தால் மேலே சாய்ந்து கட்டிப்பிடி, பிரித்துவிட்டதும் மறுபடி ஜாப். எப்போதாவது ஒரு இடது ஹூக். அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்தது, எழுதுகிறவர்கள் திட்டினார்கள், அவர் 2006இலிருந்து 2015 வரை பட்டத்தை இறக்கி வைக்கவே இல்லை. கிட்டத்தட்ட ஒன்பதரை வருடம்! வித்தையைக் குறைத்த பிறகுதான் அவர் பெரிய சாம்பியனானார். தாடை பலவீனமானவன் எல்லா இடத்திலும் நின்று எல்லாக் குத்தையும் போட ஆசைப்படுவது தற்கொலை என்று ஸ்டூவர்டுக்குத் தெரிந்திருந்தது. அவர் நம்பி ஆடக்கூடிய ஓர் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே குடியமர்த்திவிட்டார்.

அதற்கு விலையும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2015 நவம்பரில் டஸ்ஸல்டார்ஃபில் தன்னைவிட உயரமான, கை நீளமான ஃப்யூரி எதிரே வந்து ஏமாற்று அசைவுகளால் குழப்பியபோது க்ளிட்ச்கோவால் குத்தவே முடியவில்லை. தூரத்தை வைத்துக் கட்டிய ஆட்டத்தில் தூரம் எதிராளி கைக்குப் போய்விட்டது, அடுத்து என்ன செய்வது என்பதற்கு விடை இல்லை. ஆனால் 2017இல், 41 வயதில், வெம்ப்ளியில் ஆன்டனி ஜோஷுவாவை 6ஆம் சுற்றில் கீழே தள்ளி, தானும் விழுந்து எழுந்து, 11ஆம் சுற்றில் தோற்ற அந்த இரவில் ஆடியது யார்? பழைய ஆள் உள்ளேயே இருந்திருக்கிறார். பல வருடம் முன்பு வேண்டாமென்று ஒதுக்கியதை மறந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டோம். இப்படிப்பட்டவரை எந்த வலையில் போடுவது?

இதில் இன்னொரு சங்கதி: 2020இல் ஃப்யூரியை முன்னேறி ஆட வைத்த பயிற்சியாளர் சுகர்ஹில் ஸ்டூவர்ட், எமானுவேலின் மருமகன் முறை, டெட்ராய்டில் எமானுவேலின் அதே க்ராங்க் பயிற்சிப் பட்டறையில் வளர்ந்தவர். ஒரே பள்ளி ஒருவரைத் தள்ளி நின்று ஆட வைத்தது, இன்னொருவரை மேலே ஏறி ஆட வைத்தது. தொடரில் இந்தப் பட்டறையின் பெயர் வருகிறது, இந்த முடிச்சை அவிழ்க்காமல் போய்விடுகிறார்கள்.

மார்வின் ஹாக்லரும் விடுபட்டிருக்கிறார், அதுவும் எனக்கு ஆச்சரியம். இரண்டு நிலையிலும் ஆடத் தெரிந்த, நெருங்கியும் தள்ளியும் ஆடத் தெரிந்த, கருங்கல் மாதிரி தாடை உள்ள வீரர். இவர்களின் வலையில் போட்டால் ஏறத்தாழ முழு வட்டமாக வரும். 1987 ஏப்ரலில் மூன்று வருடம் ஆடாமல் இருந்து வந்த சுகர் ரே லெனர்டுக்கு எதிராக அவர் செய்தது என்ன? தன் பலமான இடக்கையர் நிலையை விட்டுவிட்டு வலக்கையர் நிலையில் ஆட்டத்தை ஆரம்பித்தார். முதல் சில சுற்றுகள் சும்மா கையைவிட்டுப் போயின. அப்புறம் தன் நிலைக்கு மாறி விரட்டு விரட்டு என்று விரட்டினார், நடுவர்கள் இரண்டுக்கு ஒன்று என்று லெனர்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தீர்ப்பைப் பற்றி இன்றுவரை சண்டை நடக்கிறது, ஹாக்லர் மறுபடி ரிங்கில் ஏறவே இல்லை. அவர் ஒரே நிலையில் மட்டும் ஆடத் தெரிந்தவராக இருந்திருந்தால் அந்த முதல் சுற்றுகளை இழந்திருக்க மாட்டார் என்று நான் நம்புகிறேன். கையில் நாலு வழி இருந்தால் தப்பான வழியில் போவதற்கும் வாய்ப்பு உண்டு.

அதே லெனர்ட், தாமஸ் ஹெர்ன்ஸோடு 1981 செப்டம்பரில் ஆடிய சண்டைக்கு நல்ல பகுதி ஒன்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஹெர்ன்ஸ் அடித்து வீழ்த்துகிறவர், லெனர்ட் ஆடிக் காட்டுகிறவர் என்று நினைத்துத்தான் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நடுவில் லெனர்ட் அடித்து ஹெர்ன்ஸைத் தள்ளாட வைத்ததும் பாத்திரங்கள் இடம் மாறிவிட்டன. ஹெர்ன்ஸ் நகர்ந்து நகர்ந்து ஜாப் போட்டு அட்டையில் முன்னால் போனார், லெனர்ட் வேட்டைக்காரனாகத் துரத்தினார், 14ஆம் சுற்றில் நடுவர் நிறுத்தினார். இருவருக்குமே இரண்டும் தெரிந்திருந்தது என்பதை அழகாகக் காட்டுகிறார்கள். ஹெர்ன்ஸை ஒரு வலக்கை மட்டும் என்று இன்னும் நினைக்கிறவர்கள் இந்தப் பகுதியை அவசியம் பார்க்க வேண்டும்.

மைக் டைசன் பகுதியும் தேறுகிறது. மைக் டைசனைக் கண்மூடித்தனமாகப் பாய்கிறவர் என்று பேசுவது வழக்கம். 1986 நவம்பரில் 20 வயதில் ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாம் சுற்றில் வீழ்த்திய காட்சியையும், 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் தோற்ற காட்சியையும் அருகருகே ஓடவிடுகிறார்கள். வசனமே தேவையில்லை. முதலாவதில் தலை ஓயாமல் ஆடுகிறது, ஒவ்வொரு குத்துக்குப் பின்னும் ஆள் வேறு கோணத்தில் இருக்கிறார், உடம்புக்கும் தலைக்கும் மாறி மாறிக் கை போகிறது. இரண்டாவதில் தலை நடுவிலேயே நிற்கிறது, டக்ளஸின் ஜாப் வந்து வந்து விழுகிறது, ஒற்றை ஒற்றைக் குத்தாக எறிந்துவிட்டு நிற்கிறார். 8ஆம் சுற்றில் கீழிருந்து மேலே ஏறிய ஒரு அப்பர்கட்டில் டக்ளஸைத் தரையில் போட்டதும் உண்மைதான், 10ஆம் சுற்றில் தானே வாய்க்கவசத்தைத் தேடித் தரையில் துழாவியதும் உண்மைதான். நடுவில் 1988இல் பயிற்சியாளர் கெவின் ரூனியை அனுப்பிவிட்டார். ஒற்றைப் பாணியோடு பிறந்தவர்களும் இருக்கலாம், டைசன் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்து அங்கே வந்து சேர்ந்தவர். தொடரில் எனக்கு மறுப்பே இல்லாத பகுதி இது.

இன்னொன்று, ஒற்றைப் பாணி என்கிற முத்திரை எப்போது விழுகிறது என்று கவனித்தால் தோற்ற மறுநாள்தான் விழுகிறது. மார்க்கோ அந்தோனியோ பரேராவை 2000 பிப்ரவரியில் எரிக் மொராலஸோடு கட்டிப்புரண்டபோது பார்த்தவர்கள், இவர் நின்று அடித்து அடிவாங்குகிறவர் என்று முடிவு கட்டினார்கள். 2001 ஏப்ரலில் அதுவரை 35 சண்டையிலும் தோற்காத நசீம் ஹமீதுக்கு எதிரே வந்தவர் வேறு ஆள் மாதிரி இருந்தார். அவசரப்படாமல், ஹமீதின் இடக்கைக்குத் தள்ளியே சுற்றி, ஜாபும் ஹூக்குமாகப் பாடம் நடத்தினார். கடைசிச் சுற்றில் ஹமீதின் தலையைப் பிடித்துக் கம்ப மெத்தையில் மோதி ஒரு புள்ளியையும் இழந்தார், அது தேவையில்லாத வேலை, ஆனால் பார்க்கிறவர்களுக்கு ஒரு கிளுகிளுப்பு. அன்று காலையில் இந்த வலைப்படம் போட்டிருந்தால் பரேராவுக்கு எத்தனை மதிப்பெண் வந்திருக்கும்? தொடர் இந்தச் சண்டைக்குச் சில நிமிடங்கள்தான் கொடுக்கிறது.

ஜார்ஜ் ஃபோர்மன் விஷயத்திலும் அரைக் கதைதான். 1974இல் கின்ஷாசாவில் அலியிடம் அவர் தோற்ற சண்டையை விரிவாகக் காட்டுகிறார்கள், அலி முதல் சுற்றில் வலக்கையை முதல் குத்தாகவே எறிந்ததிலிருந்து 8ஆம் சுற்றில் ஃபோர்மன் சுழன்று விழுந்ததுவரை. சரி, நல்ல பகுதி. ஆனால் 1994 நவம்பரில் 45 வயது ஃபோர்மன், ஒன்பது சுற்று பொறுமையாக அடிவாங்கிக்கொண்டே ஜாப் போட்டு நின்று, 10ஆம் சுற்றில் ஒரு குட்டை வலக்கையில் மைக்கேல் மூரரை வீழ்த்தி மறுபடி சாம்பியனானதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அதே ஆள், அதே பலம், இருபது வருடத்துக்குப் பிறகு நிதானம் கூடியிருந்தது. அதை ஏன் விட்டார்கள் என்று புரியவில்லை.

டெரன்ஸ் க்ராஃபோர்ட்தான் தொடரின் நாயகன், அதில் எனக்கு முழுச் சம்மதம். 2014இல் யூரியோர்கிஸ் கம்போவாவோடு ஆடியபோது முதல் சுற்றுகளில் வேகத்துக்கு ஈடு கொடுக்கச் சிரமப்பட்டார், இடக்கையர் நிலைக்கு மாறினார், 5ஆம் சுற்றில் கம்போவா தரையில், 9ஆம் சுற்றில் ஆட்டம் முடிந்தது. 2023 ஜூலையில் எரோல் ஸ்பென்ஸை மூன்று முறை வீழ்த்தி 9ஆம் சுற்றில் நிறுத்தியதும், 2025 செப்டம்பரில் எடை ஏறிப் போய் கனேலோ அல்வாரஸை நடுவர் தீர்ப்பில் வென்றதும் தெரிந்த கதை. தொடர் இங்கே சொல்கிற ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது: க்ராஃபோர்ட் முதல் சுற்றுகளைப் படிப்பதற்காகச் செலவழிக்கிறார், எதிராளியிடம் எதைக் கேட்டால் எதைத் தருகிறான் என்று பார்த்துவிட்டுத்தான் நிலையைத் தேர்ந்தெடுக்கிறார். ஹாக்லரை விட்டுவிடாமல் இந்தப் பகுதியோடு சேர்த்து வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கடைசிக்கு முந்தைய பகுதி மேனி பாக்கியாவ், ஹுவான் மானுவேல் மார்க்கேஸ் மோதிய நான்கு சண்டைகள். தொடரிலேயே நீளமானது, சிறந்ததும் இதுதான். 2004 மே மாதம், முதல் சுற்றிலேயே மார்க்கேஸ் மூன்று தடவை விழுகிறார், மூன்றும் பாக்கியாவின் இடக்கை. மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட எழுந்து நிற்கிறவர், இரண்டு மூன்று சுற்றுக்குள் அந்த இடக்கை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிடுகிறார். கண்டுபிடித்ததும் பாக்கியாவிடம் தர வேறொன்றும் இல்லை. ஆட்டம் டிரா. விழுகிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி குறையும் என்பது கணக்கு. ஒரு நடுவர் முதல் சுற்றுக்கு 10-6 போட வேண்டிய இடத்தில் 10-7 போட்டதாகப் பின்னால் ஒப்புக்கொண்டார், அந்த ஒரு புள்ளியில் பாக்கியாவின் வெற்றி கைநழுவிப் போயிற்று என்பது தனிக் கதை.

2005 மார்ச்சில் மொராலஸும் பாக்கியாவை வென்றார். அதன் பிறகு பயிற்சியாளர் ஃப்ரெடி ரோச்சும் பாக்கியாவும் செய்த வேலையைத் தொடர் பிரமாதமாகக் காட்டுகிறது. வெறும் தூரம் அளக்கிற கையாக இருந்த வலக்கை ஹூக் போடும் கையாகிறது, நேரே உள்ளே வந்து நேரே வெளியே போன கால் பக்கவாட்டில் விலகக் கற்றுக்கொள்கிறது. 2004ஐயும் பிந்தைய ஆண்டுகளையும் ஒரே கோணத்தில் வைத்துக் காட்டும்போது ஒரே மனிதன்தானா என்று இருக்கிறது. எட்டு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வந்தது இந்த மாற்றத்தால்தான் என்கிறார்கள், சரிதான்.

ஆனால் அதே பகுதியின் முடிவு 2012 டிசம்பர். 3ஆம் சுற்றில் மார்க்கேஸின் சுற்றி வந்த வலக்கையில் பாக்கியாவ் விழுகிறார், 5ஆம் சுற்றில் மார்க்கேஸ் விழுகிறார், 6ஆம் சுற்று முடிய ஒரே ஒரு விநாடி. பாக்கியாவ் வலது ஜாபைக் காட்டிக்கொண்டே உள்ளே காலடி வைக்கிறார். மார்க்கேஸ் ஒரு மயிரிழை பின்னால் சாய்ந்து, பின்காலில் எடையை வாங்கி, குட்டையாக ஒரு வலக்கை. பாக்கியாவ் முகம் குப்புற விழுகிறார், அசைவில்லை. தொடரில் இதை நான்கு வேகத்தில் ஓட்டுகிறார்கள், மிக மெதுவான ஓட்டத்தில் பார்த்தால் பாக்கியாவின் பின்கால் இன்னும் தரையை விட்டு முழுதாகக் கிளம்பவில்லை, குத்து வந்து சேர்ந்துவிட்டது. அதாவது அவர் வருவதைப் பார்த்துப் போட்ட குத்து இல்லை, வருவார் என்று தெரிந்து போட்ட குத்து. எட்டு வருடம், 42 சுற்று, ஒரே ஆளுக்காக ஒரே விடையைத் தீட்டிக்கொண்டிருந்தவனிடம் எட்டுப் பிரிவுப் பட்டக்காரர் விழுந்தார். இதைக் காட்டிவிட்டு, "பல வித்தையே வெல்லும்" என்று அதே குரலில் பகுதியை முடிக்கிறார்கள் பாருங்கள், எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

வசதி, குறை பற்றிச் சுருக்கமாக. படத் தெளிவு பழைய சண்டைகளுக்குக்கூடப் பரவாயில்லை. வர்ணனையை மட்டும் தனியாக நிறுத்த வழியில்லை, பேசுகிறவர் மணி அடிக்கும் நேரத்திலும் சுற்று இடைவேளையிலும்கூடப் பேசிக்கொண்டே இருக்கிறார், கார்னரில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கத்தான் எனக்கு ஆசை. சுற்று எண்ணைப் போட்டுத் தேட முடியாது, விரும்பிய இடத்துக்கு விரலால் தள்ளித் தள்ளித்தான் போக வேண்டும். இரண்டு இடங்களில் இடக்கையரை வலக்கையர் என்று எழுத்தில் போட்டிருக்கிறார்கள், பாணி பற்றிய தொடரில் இந்தத் தப்பு வரக் கூடாது. இன்னொரு பெரிய குறை, வெற்றி தோல்வியை முடிவு செய்கிற மற்ற விஷயங்களை அறவே பேசாதது: யாருக்கு யாரை எதிரியாகப் போடுவது என்று ஏற்பாட்டாளர்கள் பார்த்துப் பார்த்துச் செய்வது, எடையைக் குறைக்கிற அவதி, வயது. தனக்குத் தோதான ஆட்களோடு மட்டும் ஆடவிட்டால் எந்த ஒற்றை வித்தைக்காரனும் முப்பது வெற்றி சேர்த்துவிடுவான்.

பயிற்சிக்குப் போக ஆரம்பித்திருப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டு மறுநாளே நிலை மாற்றி ஆடிப் பார்க்கக் கிளம்ப வேண்டாம். க்ராஃபோர்ட் செய்வதைச் செய்ய முதலில் ஒரு ஜாப் ஒழுங்காகத் திரும்பி வர வேண்டும். முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் லாரி ஹோம்ஸ் ஜாபை வைத்தே 20 தடவை பட்டத்தைக் காப்பாற்றினார். சண்டை பார்க்கப் பழகிக்கொண்டிருப்பவர்களுக்கு இது நல்ல தொடக்கம், குறிப்பாக கை மட்டும் பார்க்கிற பழக்கம் போய்க் கால் பார்க்கிற பழக்கம் வரும். பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பாதிப் பகுதி தெரிந்ததாகத்தான் இருக்கும், ஆனால் மீதிப் பாதியோடு வாய்விட்டுச் சண்டை போடலாம், அதுவும் ஒரு சந்தோஷம்தான்.

இலவசமாகத் திறந்து வைத்திருப்பது முதல் பகுதி மட்டும், அதில் வலைப்படமும் தீர்ப்பும் தவிர ஒன்றுமில்லை. அதை வைத்து முடிவு செய்யாமல், ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டி, இரண்டாவது ஃப்யூரி பகுதி, லெனர்ட்-ஹெர்ன்ஸ், டைசன், பாக்கியாவ்-மார்க்கேஸ் என்ற வரிசையில் பாருங்கள். ஃப்ரேசியர் பகுதியை ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்க்கலாம். சந்தா தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், நிறுத்துகிற பொத்தானைக் கணக்கு அமைப்புகளுக்குள் மூன்றாவது அடுக்கில் ஒளித்து வைத்திருக்கிறார்கள், சேர்ந்த அன்றே அதைத் தேடி அணைத்துவிடுவது நல்லது.